படத்துக்குக் கீழே யார் பெயர்?

தமிழில் ரசிகர்கள் சேர்ந்து கொண்டுவரும் இதழ், மலர் எதை எடுத்துப் புரட்டினாலும் படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: "நன்றி: கூகுள்". சிலவற்றில் "நன்றி: இணையம்". பலவற்றில் அதுவும் இருக்காது. நடிகரின் பிறந்தநாள் மலர், பழைய பாட்டு ரசிகர்களின் ஆண்டு மலர், எங்களைப் போன்ற காமிக்ஸ் வாசகர்கள் கைக்காசு போட்டு அடிக்கும் இதழ் என்று எல்லா இடத்திலும் இதே பழக்கம்தான். கூகுள் அந்தப் படத்தை வரையவில்லை. கேமராவைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்கவும் இல்லை. நன்றி சொல்ல ஓர் ஆள் இருக்கிறார் என்று இதழ் போட்டவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அவர் யார் என்று தேடத்தான் மனம் வரவில்லை. அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

புதுச்சேரியில் எங்கள் காமிக்ஸ் நண்பர்கள் ஆண்டுக்கு ஓர் இதழ் கொண்டுவருகிறோம். காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமை சந்தையில் பழைய புத்தகக் குவியலைக் கிளறும்போது ஒருவருக்கொருவர் அறிமுகமானவர்கள் நாங்கள். இதழுக்கு விலை கிடையாது, அச்சுச் செலவைப் பங்கு பிரித்துக்கொள்வோம். கட்டுரை கேட்டு வாங்குவது ஒருவர், டிடிபி என்கிற கணினிப் பக்க வடிவமைப்பு ஒருவர், பிரஸ்ஸுக்கு அலைவது ஒருவர். படங்களுக்கு அனுமதி வாங்குவது என் பொறுப்பு.

இரும்புக்கை மாயாவியைத் தெரியாத தமிழ் காமிக்ஸ் வாசகர் இருக்க முடியாது. 1972-இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியதே அவரை வைத்துத்தான். அந்தக் கதை அதற்குப் பத்தாண்டு முன்னால், 1962-இல், இங்கிலாந்தின் 'வேலியண்ட்' வார இதழில் ஆரம்பித்தது. வரைந்தவர் பார்சிலோனாக்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ. அந்தக் காலத்து ஆங்கில வாராந்தரக் காமிக்ஸ்களில் பெரும்பாலும் ஓவியர் பெயரை அச்சிடும் வழக்கம் கிடையாது. உடம்பு மறைந்து இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் மிதக்கிற கட்டத்தைப் பார்த்து நாமெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டோமே, அதைப் போட்டவர் பெயர் அந்தப் பக்கத்தில் எங்கும் இல்லை. இப்படி மறைந்துபோன பல பெயர்களை வெளியே கொண்டுவந்ததில் ரசிகர்களின் பங்கு பெரிது. கோடு போட்ட விதத்தை வைத்தே இது இன்னார் கை என்று பிடித்து, இதழ் இதழாக ஒப்பிட்டு, பட்டியல் போட்டார்கள். ரசிகர் இதழ் என்ற வகையின் பெருமையே இதுதான் என்று நான் நினைக்கிறேன். பெயரைத் தேடிக் கொடுத்த கூட்டத்தின் வாரிசுகள் நாம். நம் இதழிலேயே பெயரைத் தொலைத்தால் எப்படி?

பெயர் போட்டுவிட்டால் மட்டும் போதுமா என்றால், போதாது. பெயர் வேறு, அனுமதி வேறு. இதை எங்கள் கூட்டத்திலேயே பலமுறை பேசித்தான் தெளிந்தோம். "நாம என்ன காசுக்கா விக்கிறோம்? அன்புல செய்றோம், அவங்களுக்கும் விளம்பரம்தானே" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அந்த அன்பு உண்மையானது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அன்பை விலக்காக எடுத்துக்கொள்வதில்லை. 63-ஆம் பிரிவில் தெரிந்தே உரிமை மீறுவதற்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது. தொழிலாக, லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால், தீர்ப்பில் காரணம் எழுதி நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம். குறைக்கலாம் என்றுதான் இருக்கிறது, குற்றமே இல்லை என்று இல்லை. எங்களைப் போன்ற சிறிய கூட்டத்தின் மேல் யார் வழக்குப் போடப் போகிறார்கள் என்று கேட்கலாம். வழக்குக்குப் பயந்து மட்டும் இதைச் செய்வதாக இருந்தால் நான் இந்தப் பொறுப்பையே எடுத்திருக்க மாட்டேன்.

கேட்காமலே போடக்கூடிய இடமும் சட்டத்தில் இருக்கிறது. 52-ஆம் பிரிவு சொந்தப் படிப்புக்கும், விமர்சனத்துக்கும், மதிப்புரைக்கும் நியாயமான அளவில் எடுத்தாள இடம் கொடுக்கிறது. பிளாஸ்கோ நிழலை எப்படிக் கையாண்டார் என்று எழுதும் கட்டுரையில், அந்த நிழல் தெரியும் ஒரு கட்டத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டுவது விமர்சனம். அதே கட்டத்தைப் பெரிதாக்கி அட்டையில் போட்டால் அது அலங்காரம். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் சண்டையெல்லாம் நடக்கும். மாணவர்களுக்குப் புத்தகப் பக்கங்களை நகலெடுத்துக் கொடுத்த டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கில் 2016-இல் வந்த தீர்ப்பைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அது வகுப்பில் பாடம் நடத்துவதற்கான விலக்கை ஒட்டிய தீர்ப்பு. ரசிகர் இதழுக்கு அது பொருந்தாது.

சரி, கேட்கலாம். யாரிடம் கேட்பது? மாயாவியையே எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்கோ 1995-இல் காலமானார். ஆனால் உரிமை அவரிடம் இருந்ததில்லை, அவரை வரையச் சொன்ன பதிப்பகத்திடம் இருந்தது. அந்தப் பதிப்பகம் பெயர் மாறி, கை மாறி, கடைசியில் 2018-இல் அந்தப் பழைய காமிக்ஸ் களஞ்சியத்தை ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கும் ரெபெல்லியன் நிறுவனம் வாங்கியது. ஆக, ஒரு ஸ்பானிய ஓவியர் போட்ட படத்துக்குக் கணினி விளையாட்டும் தயாரிக்கிற ஓர் ஆங்கில நிறுவனத்திடம் கடிதம் போட வேண்டும். ரசிகர் வலைத்தளத்தில் ஸ்கேன் செய்து ஏற்றியவரிடம் கேட்டு, அவர் தாராளமாகப் "போட்டுக்கோங்க ப்ரோ" என்று சொன்னால் அது அனுமதி ஆகாது. அவர் ஸ்கேன் செய்தார், படம் அவருடையதல்ல.

இந்த "யாரிடம்" என்ற கேள்வி ஒரு ரசிகர் சங்கத்தை நீதிமன்றம் வரைக்கும் இழுத்த கதை ஒன்று உண்டு. டின்டின் என்ற காமிக்ஸ் நாயகனைப் படைத்த பெல்ஜிய ஓவியர் எர்ஜேவுக்கு நெதர்லாந்தில் ஒரு ரசிகர் சங்கம் இருக்கிறது. தங்கள் இதழ்களில் டின்டின் கட்டங்களை எடுத்துப் போட்டார்கள். எர்ஜேவின் உரிமைகளைப் பார்த்துக்கொள்ளும், அப்போது மூலன்சார் என்று பெயர் கொண்டிருந்த நிறுவனம் பணம் கேட்டு வழக்குப் போட்டது. இந்த நிறுவனம் கறாருக்குப் பேர்போனது. மேல்முறையீட்டில் சங்கத்தின் தரப்பு ஒரு பழைய காகிதத்தை நீட்டியது: 1942-இல் எர்ஜேவும் கஸ்தெர்மன் பதிப்பகமும் போட்டுக்கொண்ட ஒப்பந்தம். புத்தகங்களை வெளியிடும் உரிமையை எர்ஜே அப்போதே பதிப்பகத்துக்குக் கொடுத்துவிட்டார் என்று அதில் இருந்தது. அப்படியானால் அந்தக் கட்டங்களுக்கு அனுமதி கொடுக்கவோ மறுக்கவோ மூலன்சாருக்கு அதிகாரம் இல்லை என்று ஹேக் நகர மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015-இல் சொல்லிவிட்டது. சங்கம் வென்றது.

இந்தச் செய்தி வந்த நாளிலிருந்து "பார்த்தீங்களா, ரசிகர் இதழ்ல டின்டின் போடலாம்னு தீர்ப்பே வந்துடுச்சு" என்று சொல்பவர்களை நான் சந்தித்துக்கொண்டே இருக்கிறேன். தீர்ப்பு அப்படிச் சொல்லவில்லை. கதவு இந்த வீட்டில் இல்லை, பக்கத்து வீட்டில் இருக்கிறது என்றுதான் சொன்னது. படம் பொதுச்சொத்தாகிவிடவில்லை. எர்ஜே காலமானது 1983-இல். நம் சட்டப்படி படைத்தவர் இறந்த மறு ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு, அதாவது 2043 முடியும் வரை உரிமை நிற்கும். பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் 70 ஆண்டுக் கணக்கு என்பதால் அங்கே 2053 வரை. புதுச்சேரியில் பிரெஞ்சு குடியுரிமை உள்ள உறவுகள் பலருக்கும் இருப்பதால், இதழ் பிரான்ஸுக்கும் சூட்கேஸில் போய்ச் சேரும். எந்த ஊர்க் கணக்கு என்ற கேள்வி எங்களுக்கு வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல.

ஓவியத்தை விட்டுப் புகைப்படத்துக்கு வருவோம். எங்கள் சென்ற இதழ் வாடகை நூல்நிலையங்களைப் பற்றியது. வாட்ஸ்அப்பில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் சுற்றிக்கொண்டிருந்தது. சின்ன கடை, கயிறு கட்டி கிளிப் மாட்டித் தொங்கவிட்ட காமிக்ஸ் வரிசை, அதை அண்ணாந்து பார்க்கும் நான்கைந்து பையன்கள். "அந்தக் காலம் திரும்ப வருமா" என்ற தலைப்போடு எல்லா குழுவிலும் வந்தது. அட்டைக்கு அதுதான் என்று ஆசிரியர் முடிவே செய்துவிட்டார். யார் எடுத்தது என்று கேட்டேன். "ஃபார்வர்டு தானே" என்றார்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததில் எதிர்க்கடைப் போர்டின் நிழல் கண்ணாடியில் விழுந்திருந்தது. கடலூர்க்கார நண்பர் ஒருவர் அதை வைத்து இது திருப்பாப்புலியூர் என்றார். அங்கே விசாரித்து விசாரித்து, மஞ்சக்குப்பத்தில் ஒரு பழைய ஸ்டூடியோவுக்குப் போய்ச் சேர்ந்தேன். முன்பக்கம் இப்போது பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் கலர் ஜெராக்ஸும். பெரியவர் மகனிடம் கல்லாவை விட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். செல்போனில் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உற்றுப் பார்த்தார்.

"இது என்னுதுதான். ஆனா பாதிதான் இருக்கு."

பீரோவிலிருந்து பட்டர் பேப்பர் உறைகளை எடுத்துப் புரட்டினார். ஒவ்வொன்றின் மூலையிலும் நீல மையில் எண். அவர் நீட்டிய காண்டாக்ட் பிரிண்ட், அதாவது நெகட்டிவ் அளவிலேயே எடுத்த பிரதி, தீப்பெட்டி அளவுதான் இருந்தது. ஃபார்வர்டில் வெட்டப்பட்ட வலது பக்கத்தில் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் ஒரு பெண், கொண்டையில் பென்சிலைச் செருகிக்கொண்டு பேரேட்டில் எதையோ எழுதுகிறார்.

"கடைய நடத்துனதே அந்தம்மாதான். எவன் எந்தப் புத்தகத்த எடுத்துட்டுப் போனான்னு அப்படியே ஒப்பிக்கும். அத வெட்டிட்டானுங்களே."

"எங்க இதழ்ல போட்டுக்கலாமாய்யா?"

"போட்டுக்கோம்மா. காசெல்லாம் வேணாம். பேரு போடு. வெட்டாம போடு."

புது லென்ஸ் வாங்கிய புதிதில் தன் இஷ்டத்துக்கு எடுத்த படம் என்றார். அதனால் உரிமை அவருடையது. இதுவே ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன கல்யாணப் படமாக இருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் 17-ஆம் பிரிவு உரிமையைக் காசு கொடுத்தவருக்குக் கொடுக்கிறது. ஸ்டூடியோக்காரர் "சரி" என்றாலும் குடும்பத்திடம் கேட்க வேண்டிய படங்கள் உண்டு. பலருக்கு இது தெரிவதில்லை.

வெட்டாமல் போடு என்று அவர் கேட்டது வெறும் ஆசை அல்ல. 57-ஆம் பிரிவு, உரிமையை விற்றுவிட்ட பிறகுகூட, தன் பெயரைக் கோரவும் தன் மதிப்புக்குக் கேடு வரும்படி படைப்பைச் சிதைப்பதைத் தடுக்கவும் படைத்தவருக்கு இடம் கொடுக்கிறது. டெல்லியில் மத்திய அரசின் விஞ்ஞான் பவனில் இருந்த தன் சுவர்ச் சிற்பத்தைப் பிடுங்கிக் கிடங்கில் போட்டுச் சிதைத்ததற்காகச் சிற்பி அமர்நாத் சேகல் மத்திய அரசின் மேலேயே வழக்குப் போட்டார். 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லி, 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் கொடுக்கச் சொன்னது.

முழுப் படமும் அகலவாக்கில் இருந்தது. அட்டை நெடுக்கு. நடுப்பக்கத்தில் விரித்துப் போடலாம் என்றால், சென்டர் பின் அந்த அம்மாவின் முகத்துக்குப் பக்கத்திலேயே இறங்குகிறது. கடைசியில் முன்னட்டையில் தொடங்கிப் பின்னட்டை வரை சுற்றி வரும்படி வைத்தோம். டிடிபி நண்பர் இரண்டு மூன்று விதமாக மாற்றிப் பார்த்து, மடிப்பு தொங்கும் புத்தகங்களுக்கு நடுவே விழும்படி செய்தார். பெரியவர் நெகட்டிவிலிருந்தே ஸ்கேன் செய்து கொடுத்ததில், தொங்கும் இதழ்களின் தலைப்பைக்கூடப் படிக்க முடிந்தது. ஃபார்வர்டில் வந்ததை அப்படியே அச்சுக்குக் கொடுத்திருந்தால் வெறும் கறைதான் மிஞ்சியிருக்கும்.

இப்படிப்பட்ட ஸ்டூடியோக்கள் தமிழ்நாடு முழுக்க மூடிக்கொண்டே வருகின்றன. புதுச்சேரியில் 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் கீழ், தமிழ் ஸ்டூடியோக்களின் பழைய படங்களைத் தேடி எண்ம வடிவில் சேர்த்து வைத்திருக்கிறது. பழைய படம் தேடும் ரசிகர் எவரும் வாட்ஸ்அப்புக்கு முன்னால் அங்கே பார்க்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1950-இல், ஸ்ரீ அரவிந்தரின் கடைசி ஆண்டில், பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்ரி கார்த்தியே-ப்ரெசோன் இங்கே ஆசிரமத்துக்கு வந்தார். நெடுங்காலமாக யாரையும் படமெடுக்க விடாத அரவிந்தரை அனுமதி பெற்றுப் படமெடுத்தார். அவர் 1947-இல் ராபர்ட் காபா முதலியவர்களோடு சேர்ந்து மேக்னம் என்ற கூட்டுறவை ஆரம்பித்தவர். பத்திரிகைக்கு எடுத்துக் கொடுத்தாலும் படத்தின் உரிமை எடுத்தவரிடமே இருக்க வேண்டும் என்பதற்காகவே தொடங்கப்பட்ட அமைப்பு அது. உலகத்தில் அந்தக் கொள்கையை நிலைநாட்டிய ஆள் கேமராவோடு நடந்த வீதிகளில் இருந்துகொண்டு, எடுத்தவர் பெயர் இல்லாமல் படம் அச்சடிக்க எனக்குக் கை வரவில்லை.

வெளிநாட்டுப் பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதுவதைப் பற்றிக் கேட்கிறார்கள். பிரெஞ்சு ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற அத்தை ஒருவர் எனக்குத் திருத்திக் கொடுப்பார். கடிதத்தில் எந்தப் புத்தகம், எந்தப் பக்கம், எத்தனையாவது கட்டம், நம் இதழ் எத்தனை பிரதி, விலை உண்டா, படம் என்ன அளவில் வரும் என்று எல்லாம் இருக்க வேண்டும். "உங்கள் படங்களைப் பயன்படுத்தலாமா" என்று பொதுவாகக் கேட்டால் பதில் வராது, வந்தாலும் முடியாது என்றுதான் வரும். ஒரு பதிப்பகம் இரண்டு மாதம் கழித்து ஒப்புக்கொண்டு பதில் போட்டது. ஒரே கட்டம், கறுப்பு வெள்ளை, அவர்கள் சொன்ன உரிமை வாசகம் எழுத்து மாறாமல், அச்சில் மட்டும். இணையத்தில் ஏற்றக் கூடாது.

இந்தக் கடைசி நிபந்தனை எங்களுக்குள் பெரிய வாக்குவாதத்தைக் கிளப்பியது. பி.டி.எஃப். போடாவிட்டால் சிங்கப்பூரிலும் கோவையிலும் இருக்கும் வாசகர்கள் எப்படிப் படிப்பார்கள்? அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் ஒருவர் அச்சுக்குக் கொடுத்த அனுமதியை நாமாக இணையத்துக்கு நீட்டிக்கொண்டால், அடுத்து கேட்கப்போகும் தமிழ் வாசகர்களுக்கு அந்தக் கதவு மூடிவிடும். பி.டி.எஃப்.-இல் அந்த இடத்தை வெறுமையாக விட்டு, கட்டத்தில் என்ன இருக்கிறது என்று நாலு வரியில் எழுதினோம். பதிலே வராத கடிதங்களுக்கும் இதே முறைதான். பதில் வராததை நாங்கள் சம்மதமாக எடுத்துக்கொள்வதில்லை.

விக்கிபீடியாவில் வரும் படங்கள் சேர்ந்திருக்கும் விக்கிமீடியா பொதுவகத்தில் இருக்கும் படங்களுக்குக் கடிதம் எழுத வேண்டியதில்லை, ஆனால் அங்கே போட்டிருக்கும் நிபந்தனையைப் படிக்க வேண்டும். பெரும்பாலான படங்களுக்கு எடுத்தவர் பெயரும் உரிமத்தின் பெயரும் கட்டாயம். "நன்றி: விக்கிபீடியா" என்று போட்டால் அந்த நிபந்தனையை மீறியதாகத்தான் அர்த்தம். இன்னொரு குழப்பம் பாரதி. அவர் எழுத்தின் உரிமையைச் சென்னை மாகாண அரசு 1949-இல் வாங்கிப் பிறகு பொதுவுடைமையாக்கியது எல்லாருக்கும் தெரியும். அதனால் பாரதி சம்பந்தப்பட்ட எதையும் எடுக்கலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். போன மாதம் ஒரு இளைஞர் தன் டேப்லெட்டில் வரைந்து போட்ட பாரதி, அந்த இளைஞரின் சொத்து.

அந்த இளைஞர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகம் கவலை. என் சித்தி பையன் பென்சிலில் அச்சு அசலாக முகம் வரைவான். ஒரு நடிகரின் படத்தை வரைந்து இன்ஸ்டாகிராமில் போட்டான். ஒரு ரசிகர் கூட்டம் அதை எடுத்து, மூலையில் இருந்த கையெழுத்தை வெட்டிவிட்டு, நெடுஞ்சாலையில் ஆளுயர பிளெக்ஸ் வைத்தது. கேட்டதற்கு, "உன் படத்த ஊரே பாக்குது, சந்தோஷப்படு தம்பி" என்றார்கள். பிளெக்ஸில் கூட்டத்தின் பொறுப்பாளர்கள் அத்தனை பேரின் முகமும் பெயரும் இருந்தன. வரைந்தவன் பெயருக்கு மட்டும் இடமில்லை. அவன் அதற்குப் பிறகு பல மாதம் எதையும் வெளியே போடவில்லை.

எங்கள் இதழுக்கு ஒரு பெண் ஓவியரிடம் படம் கேட்டபோது, இவ்வளவு ஆகும் என்று தொகை சொன்னார். கூட்டத்தில் ஒருவர் முகம் சுளித்தார்: "ரசிகர்கள்கிட்டயே காசா?" காகிதக்காரருக்கு, பிரஸ்காரருக்கு, பைண்டிங்காரருக்கு எல்லாம் கொடுக்கிறோம். படம் போட்டவரிடம் மட்டும் அன்பைக் காட்டித் தள்ளுபடி கேட்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்றேன். பக்கத்தைக் குறைத்து, அவர் கேட்டதைக் கொடுத்தோம். ஒரு முறை அச்சிடவும் பி.டி.எஃப்.-இல் போடவும் அனுமதி, மூலப் படம் அவருக்கே என்று மின்னஞ்சலில் எழுதிக்கொண்டோம். உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டத்திலேயே உள்ளது. வாயால் பேசியது இரண்டு வருஷம் போனால் இருவருக்கும் வேறு வேறு மாதிரி ஞாபகம் இருக்கும்.

அடுத்த இதழ் தமிழ் காமிக்ஸ் அட்டைகளைப் பற்றியது. உள்ளே வெளிநாட்டுக் கதை இருந்தாலும் அட்டைகளில் பலவற்றைச் சிவகாசியிலேயே போஸ்டர் கலரில் வரைந்தார்கள். என்னிடம் இருக்கும் பழைய இதழ்களில் நிறைய அட்டைகளில் ஓவியர் பெயர் இல்லை. சிலவற்றில் மட்டும் மூலையில் ஒரு சின்னக் கையெழுத்து. பதிப்பகங்களுக்குக் கடிதம் போட்டிருக்கிறேன். வரைந்தவர்களையோ அவர்கள் குடும்பத்தையோ உங்களுக்குத் தெரிந்தால், எந்த இதழ், எந்த ஆண்டு என்ற விவரத்தோடு எனக்கு எழுதுங்கள். அட்டையின் படத்தை அனுப்பும்போது ஓரத்தை வெட்டாமல், நான்கு மூலையும் தெரியும்படி எடுத்து அனுப்புங்கள். கையெழுத்து பெரும்பாலும் கீழ் வலது மூலையில், விலைக்குப் பக்கத்தில் இருக்கிறது.